வயல்வெளிப் பள்ளியை வழிநடத்தப் பழகுவோருக்கு

நெல் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணிப் பார்த்து, அதன்பிறகு மருந்தைப் பற்றி யோசிக்கக் கற்றுக்கொண்ட விவசாயிகள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம், "வரும் சம்பாவில் உங்கள் ஊரில் 25 பேரைச் சேர்த்து ஒரு உழவர் வயல்வெளிப் பள்ளியை நீங்களே நடத்துங்கள்" என்று சொன்னால் அவர் தயங்குகிறார். அவருக்குப் பயிரைப் பற்றித் தெரியும். இருபத்தைந்து பேரை வைத்துக்கொண்டு காலையில் மூன்று மணி நேரம் என்ன செய்வது என்பதுதான் தெரியாது. அந்த இருபத்தைந்து பேரில் அவருடைய சித்தப்பா இருப்பார், மாமா இருப்பார், அவர் பிறப்பதற்கு முன்பே ஏர் பிடித்த பெரியவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பாடம் சொல்வது எப்படி என்று அவர் மலைப்பதில் நியாயம் உண்டு.

பாடம் சொல்ல வேண்டியதில்லை என்பதே இதற்குப் பதில். வயல்வெளிப் பள்ளியில் பாடம் சொல்வது வயல். அதைப் பார்க்கவும், பார்த்ததைப் பேசவும், பேசியதிலிருந்து முடிவுக்கு வரவும் கூட இருந்து உதவுபவர் ஒருவர் தேவை. அவரை 'நடத்துநர்' என்றால் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. 'ஆசிரியர்' என்றால் பிரம்பு. ஆகவே இங்கு 'வழிநடத்துபவர்' என்றே சொல்லப்படுகிறது. முதன்முறையாக இப்பொறுப்பை ஏற்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சம்பா நெல்லை எடுத்துக்காட்டாகக் கொண்டு காணலாம்.

இப்பள்ளி தோன்றிய விதம்

1970-களில் இந்தோனேசியாவின் நெல் வயல்களைப் புகையான் பெருவாரியாகத் தாக்கியது. அரசு மானிய விலையில் பூச்சிக்கொல்லி கொடுத்தது, விவசாயிகளும் அடித்தார்கள். ஆனால் அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. மருந்து புகையானை மட்டும் கொல்லவில்லை. புகையானைத் தின்று வந்த சிலந்திகளையும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்தே கொன்றது. தண்டுக்குள் பத்திரமாக இருந்த புகையான் முட்டைகள் பொரித்தபோது அவற்றைத் தின்ன ஆளில்லை. கடைசியில் 1986 நவம்பரில் அந்நாட்டு அதிபர் ஓர் ஆணை பிறப்பித்து, 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தார். சில ஆண்டுகளில் மானியமும் நிறுத்தப்பட்டது.

தடை போட்டால் மட்டும் போதாது. எந்த வயலில், எந்த வாரத்தில் மருந்து தேவை, எதில் தேவையில்லை என்பதை அந்தந்த விவசாயிதானே பார்த்து முடிவு செய்தாக வேண்டும். இதற்காக ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் உதவியுடன் 1989-ஆம் ஆண்டு ஜாவாவில் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. சுமார் 25 விவசாயிகள் ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு நாள் வயலில் கூடினார்கள். நாளடைவில், படித்து முடித்த விவசாயிகளே அடுத்த பள்ளியை நடத்தவும் முன்வந்தார்கள். 1990-களில் இம்முறை இந்தியாவிலும் பரவியது.

அதற்கு முன் 1980-களில் நம் நாட்டில் இருந்தது பயிற்சி மற்றும் பார்வையிடல் முறை. அதில் விரிவாக்கப் பணியாளர் குறித்த நாளில் வந்து, குறித்த செய்தியைச் சில விவசாயிகளிடம் சொல்வார்; அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். புதிய ரகம், உர அளவு போன்ற செய்திகளுக்கு அது ஏற்றதாகவே இருந்தது. ஆனால் பூச்சியின் நிலை அப்படியல்ல. வரப்புக்கு இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் இருப்பதில்லை. நேற்று இருந்தது இன்று இல்லை. இதை யாரும் ஊருக்குப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. குழுவாகக் கூடி வயலைப் பார்க்கும் முறை இதனாலேயே தேவைப்பட்டது.

கூட்டுவதற்கு முன்

யாரைச் சேர்ப்பது என்பதில் புதியவர்கள் பெரும்பாலும் தவறிவிடுகிறார்கள். ஊரில் முன்னணியில் உள்ள ஆண்களின் பெயர்களை எழுதி 25 நிரப்பிவிடுவது சுலபம். ஆனால் கை களை எடுக்கும்போது குத்துக் குத்தாகக் குனிந்து பயிரைப் பார்க்கிறவர்கள் பெண்கள். வெள்ளித் தண்டும் காய்ந்த நடுக்குருத்தும் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். அவர்களைக் கேட்பாரில்லாததால் அச்செய்தி களத்து மேட்டைத் தாண்டி வருவதில்லை. அதுபோலவே, கூலிக்குத் தெளிப்பான் சுமந்து மருந்தடிக்கும் தொழிலாளியையும் சேர்க்க வேண்டும். அடிப்பதா வேண்டாமா என்ற முடிவில் அவருக்குச் சொல் இல்லை. ஆனால் மருந்து நெடியும் தலைச்சுற்றலும் அவருக்குத்தான். நிலமில்லாதவர் என்று அவரை ஒதுக்குவது சரியல்ல.

கூடும் இடம் வயலை ஒட்டிய மரத்தடியாகவோ பொதுக் களமாகவோ இருப்பது நல்லது. பெரிய வீட்டுத் திண்ணையிலோ, ஊரில் சிலர் வரத் தயங்கும் இடத்திலோ கூட்டினால், வராதவர் ஏன் வரவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வழிநடத்துபவருக்கும் அது தெரியாமலே போய்விடும். எல்லோரும் தரையில் ஒரே மட்டமாக உட்கார வேண்டும். தேநீர் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குவளையில் கொடுக்க வேண்டும். இவை சிறிய விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் ஒருவர் வாய் திறப்பதும் திறக்காததும் இவற்றைப் பொறுத்தே அமைகிறது.

நாளையும் நேரத்தையும் முதல் கூட்டத்திலேயே அவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். காலை 7 மணி என்பது ஆண்களுக்கு வசதி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய தாய்மார்களுக்கு வசதியல்ல. நடவும் களையும் நடக்கும் வாரங்களில் கூலி வேலையை விட்டுவிட்டு யாரும் வர முடியாது. அந்த வாரங்களில் கூட்டத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். அல்லது மாலையில் வைக்கலாம்.

படிப்பு வயலாக ஒரு மா நிலம், அதாவது சுமார் 33 சென்ட், போதுமானது. அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஊர் வழக்கப்படியும், மறு பாதியில் குழு எண்ணிப் பார்த்து எடுக்கும் முடிவுப்படியும் சாகுபடி செய்ய வேண்டும். குழுவின் முடிவால் மகசூல் குறைந்தால் அந்த நட்டம் யாருடையது என்பதை நிலத்துக்காரரிடம் நாற்று விடும்போதே பேசி முடித்துவிட வேண்டும். அவர் ஏற்பதா, 25 பேரும் பங்கிட்டுக்கொள்வதா, திட்டத்திலிருந்து கொடுக்க வழியுண்டா என்பது அப்போதே தெளிவாகட்டும். இதைப் பேசாமல் தொடங்கிய பள்ளியில், முதல் புழு தென்பட்ட அன்றே நிலத்துக்காரர் தெளிப்பானைத் தூக்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

முதல் நாள்

முதல் நாளில் பேச்சைக் குறைத்து, ஓட்டுப்பெட்டித் தேர்வு ஒன்று வைக்கலாம். வயலோரத்தில் பத்து இடங்களில் குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைக் கட்டிவிட வேண்டும்: கண்ணாடிக் குப்பியில் ஒரு பொறிவண்டு, காய்ந்த நடுக்குருத்து ஒன்று, குலைநோய் கண்ட இலை, சுருட்டப்பட்ட இலை, ஒரு சிலந்தி என்று இருக்கலாம். ஒவ்வொன்றின் அருகிலும் மூன்று சிறு அட்டைப் பெட்டிகள் இருக்கும். "இது பயிருக்கு நண்பனா, பகைவனா, இரண்டும் இல்லையா?" என்பது போன்ற கேள்விக்கு மூன்று பெட்டியில் மூன்று விடைகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் விடையளிக்கும்படி படம் வரைந்து வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குக் கொடுத்த எண் உள்ள சீட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டே போவார்கள். பள்ளி முடியும்போது மீண்டும் இதே போன்ற தேர்வை வைத்து, அவரவர் எவ்வளவு முன்னேறினார் என்று அவரவரே பார்த்துக்கொள்ளலாம். மதிப்பெண்களைக் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் பத்துக்கு மூன்று வாங்கினார் என்று வாசித்தால், அவர் அடுத்த வாரம் வர மாட்டார்.

அன்றே மற்றொரு வேலையும் செய்துகொள்வது நன்று. சென்ற சம்பாவில் ஒவ்வொருவரும் எத்தனை முறை மருந்தடித்தார்கள், எதற்காக, யார் சொல்லி, எவ்வளவு செலவு என்று தரையில் கோடு கிழித்துக் கூழாங்கல் வைத்துக் கணக்கிடச் சொல்ல வேண்டும். 'யார் சொல்லி' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, பக்கத்து வயல்காரர் அடித்தார் என்பதாகவோ கடைக்காரர் கொடுத்தார் என்பதாகவோ இருக்கும். இப்போது கைப்பேசியில் இலையைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பி, வருவதை வாங்கி அடிக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. வழிநடத்துபவர் இதைக் கண்டிக்கவோ கேலி செய்யவோ வேண்டியதில்லை. கற்களின் எண்ணிக்கை எல்லோர் கண்ணிலும் படும், அது போதும்.

வாரந்தோறும் நடக்க வேண்டியவை

25 பேரும் ஐந்து ஐந்து பேராக ஐந்து குழுக்களாகப் பிரிய வேண்டும். ஒவ்வொரு குழுவும் வயலில் இறங்கி, மூலைவிட்டமாக நடந்து பத்துக் குத்துகளைப் பார்க்க வேண்டும். முதலில் பயிரின் உயரம், தூர்களின் எண்ணிக்கை, இலையின் நிறம், பிறகு பூச்சிகள். தண்ணீர் மட்டத்துக்கு அருகில் தூர்களை விலக்கிப் பார்க்காமல் புகையானை எண்ண முடியாது. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. தீமை செய்யும் பூச்சிகளை எண்ணுவது போலவே சிலந்தி, ஊசித்தட்டான், பொறிவண்டு முதலியவற்றையும் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணி முடித்த குழு மரத்தடிக்கு வந்து ஒரு பெரிய தாளில் படம் வரையும். நடுவில் நெற்பயிர், அடியில் தண்ணீர், மேலே அன்றைய வானிலை, ஒரு பக்கம் பயிரைத் தின்பவை, மறு பக்கம் அவற்றைத் தின்பவை. கீழே குழுவின் முடிவு. சென்ற வாரத் தாளையும் பக்கத்தில் தொங்கவிட்டால் கூடியதும் குறைந்ததும் தெரியும். பிறகு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் எழுந்து தங்கள் தாளை விளக்குவார். வாரம் ஒருவராக மாறி மாறி எழ வேண்டும் என்பதை முதலிலேயே விதியாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நன்றாகப் பேசும் ஒருவரே பருவம் முழுவதும் எழுந்துகொண்டிருப்பார்.

வழிநடத்துபவர் கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலையில் தாமே ஒருமுறை வயலைச் சுற்றி வருவது அவசியம். குழு எதைக் காணப்போகிறது, எதைக் காணத் தவறக்கூடும் என்று தெரிந்துவைத்துக்கொள்வதற்காகத்தான். முன்கூட்டியே சொல்லிவிடுவதற்காக அல்ல.

கேள்விக்குக் கேள்வி

புதியவர்களுக்கு மிகவும் கடினமான பழக்கம் ஒன்று உண்டு. விடை தெரிந்தும் சொல்லாமல் இருப்பது. ஒரு விவசாயி குப்பியில் ஒரு பூச்சியைப் பிடித்துவந்து, "தம்பி, இது என்ன பூச்சி?" என்று கேட்கிறார். உடனே பெயரைச் சொல்லிவிட்டால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பெயர் அடுத்த வாரம் மறந்தும்விடும். அதற்குப் பதிலாகப் பேச்சு இப்படிப் போகலாம்:

"எங்கே புடிச்சீங்க மாமா?"

"அடித்தூர்ல, தண்ணிக்கு மேல ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"தனியாவா, கூட வேற ஏதாவது இருந்துச்சா?"

"குட்டிக் குட்டியா புகையான் இருந்துச்சு. இது வாயில ஒண்ணக் கவ்விக்கிட்டு இருந்த மாதிரி தெரிஞ்சுது."

"அப்ப இது நம்ம பயிரைத் திங்குதா, புகையானைத் திங்குதா?"

இனி அவர் அந்தச் சிலந்தியை மறக்க மாட்டார். ஓநாய்ச் சிலந்தி என்ற பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அது நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும் என்பதையும் சொல்லலாம். சொல்வதை விட, ஒரு தொட்டியில் நெற்குத்து ஒன்றை நட்டு, மெல்லிய வலைத்துணியால் மூடி, உள்ளே இருபது புகையானையும் ஒரு சிலந்தியையும் விட்டு, மறுநாள் எண்ணிப் பார்க்கச் செய்வது இன்னும் நல்லது. தொட்டியை அவரே வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும்.

"சிலந்தி நல்லதுதானே?" என்று கேட்பது கேள்வியே அல்ல. விடையைக் கேள்வியின் சட்டைக்குள் வைத்துக் கொடுப்பது அது. எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது, எத்தனை இருந்தன, சென்ற வாரம் எத்தனை, அடுத்த வாரம் என்ன ஆகும் என்பவைதான் கேட்கத் தக்கவை.

கேட்டபின் காத்திருக்க வேண்டும். கூட்டம் மௌனமாக இருந்தால் புதியவர்களுக்கு வியர்த்துவிடும். தாங்களே விடையைச் சொல்லிவிடுவார்கள். மனத்துக்குள் பத்து எண்ணும் வரை பொறுத்திருந்தால், ஒன்பதாவது எண்ணிக்கையில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அவ்வாறு வரும் முதல் விடை தவறாக இருந்தாலும் திருத்தக் கூடாது. "வேறு யாருக்காவது வேறு மாதிரித் தோன்றுகிறதா?" என்று கேட்டால் கூட்டமே திருத்திக்கொள்ளும். அப்படியும் தீராவிட்டால் திரும்ப வயலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. கேட்பவர் எரிச்சலடையும் வரை கேள்விக்குக் கேள்வி போட்டுக்கொண்டிருப்பது தந்திரமாகத் தோன்றும். இரண்டு மூன்று கேள்விகளுக்குப் பிறகும் வழி பிறக்காவிட்டால், தெரிந்ததைச் சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லி, பூச்சியைக் குப்பியில் பத்திரப்படுத்தி, அடுத்த வாரத்துக்குள் உதவி வேளாண்மை அலுவலரிடமோ வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ கேட்டு வருவதாகச் சொல்ல வேண்டும். சொன்னபடி கேட்டும் வர வேண்டும். மேலும், ஒருவர் வெறுங்கையால் பூச்சிக்கொல்லியைக் கலக்கினாலோ, இரண்டு மூன்று மருந்துகளை ஒரே தெளிப்பானில் ஊற்றினாலோ, காற்றுக்கு எதிராக நின்று அடித்தாலோ, அங்கே கேள்விக்கு இடமில்லை. உடனே தடுத்து நேராகச் சொல்லிவிட வேண்டும்.

பேசுபவரும் பேசாதவரும்

எல்லாக் குழுவிலும் ஓயாமல் பேசுபவர் ஒருவர் இருப்பார். அவருடைய வாயை அடைக்கப் பார்த்தால் அவர் பகையாளி ஆகிவிடுவார். அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிடுவதே நல்ல வழி. பூச்சி வலையை வீசுவது, நேரம் பார்ப்பது, தாள்களைக் கட்டித் தொங்கவிடுவது என ஏதாவது ஒன்று. மேலும், "அண்ணன் சொன்னதைக் கேட்டோம், இந்த வரிசையில் என்ன நினைக்கிறீங்க?" என்று கையை வேறு பக்கம் காட்டினால் பேச்சு இயல்பாக நகரும்.

வயதில் மூத்தவர் தவறாக ஒன்றைச் சொல்லும்போதுதான் இளைஞரான வழிநடத்துபவர் சங்கடப்படுவார். "இலை சுருண்டா உடனே அடிச்சிடணும், எங்க காலத்துல இருந்து அப்படித்தான்" என்கிறார் ஒரு பெரியவர். இதை மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவு; ஒப்புக்கொண்டால் பள்ளி அங்கேயே முடிந்தது. "நீங்க சொல்றதையும் ஒரு ஓரத்துல செஞ்சு பார்த்துடலாங்களா? நாலு குழி உங்க கணக்குப்படி, நாலு குழி எண்ணிப் பார்த்து" என்று சொன்னால் இரண்டும் இல்லை. பெரியவரின் பெயரிலேயே அந்தத் துண்டு நிலம் இருக்கட்டும். அடுத்த வாரத்திலிருந்து அவர்தான் முதலில் வந்து நிற்பார்.

பெண்களை எப்படிப் பேச வைப்பது என்பதில் இருவேறு கருத்துகள் உண்டு. தொடக்கத்திலிருந்தே எல்லாக் குழுக்களிலும் கலந்து உட்கார வைக்க வேண்டும் என்பது ஒன்று. ஆனால் கலந்த குழுவில் பென்சில் ஆண்களின் கைக்குப் போய்விடுவதே நடைமுறையில் காண்பது. பெண்கள் எண்ணிச் சொல்ல, ஆண்கள் வரைவார்கள், விளக்கவும் செய்வார்கள். முதல் நான்கு வாரங்களுக்காவது பெண்கள் தனிக் குழுவாக இருந்து தாங்களே வரைந்து தாங்களே எழுந்து விளக்குவதும், அதன்பின் கலப்பதும் நல்ல பலன் தரும். எழுதத் தெரியாது என்று தயங்குபவர்களுக்கு எழுத்தே தேவையில்லை. பத்துச் சிலந்தி என்றால் பத்துப் புள்ளி. கோலம் போடுகிற கைக்குப் படம் கடினமல்ல.

குழுவில் கலகலப்பூட்டச் சிறு விளையாட்டுகள் வைப்பது உண்டு. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

"அடிக்கலாமா?" என்று கேட்கும் வாரம்

பருவத்தில் ஒரு வாரம் கட்டாயம் வரும். நட்டு முப்பது நாள் ஆகியிருக்கும். வானம் மூட்டமாக இருக்கும். இலைச்சுருட்டுப் புழு தென்படும். வெளுத்த இலைகள் தூரத்திலிருந்தே தெரியும். சுற்றியுள்ள வயல்களில் தெளிப்பான் சத்தம் கேட்கும். அன்று கூட்டத்துக்கு வருபவர்கள் எண்ணுவதற்காக வரமாட்டார்கள். அடிப்பதற்கு அனுமதி வாங்க வருவார்கள். வழிநடத்துபவரின் பழக்கத்துக்கு அதுதான் பரீட்சை.

அன்றும் வயலில் இறங்கி எண்ண வேண்டும். இலைச்சுருட்டுப் புழுவுக்குத் தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலைகள், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் சேதம் இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது பரிந்துரை. புகையானுக்குத் தூருக்கு ஒன்று. குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருக்குமானால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். குத்தில் 15 தூர்கள் இருந்தால், சிலந்தி இல்லாத வயலில் குத்துக்கு 15 புகையானும், சிலந்தி உள்ள வயலில் 30 புகையானும் எல்லை என்று கொள்ள வேண்டும். இதற்கே பொருளாதாரச் சேத நிலை என்று பெயர். மருந்துச் செலவை விடப் பூச்சியால் வரும் நட்டம் அதிகமாகும் எல்லை என்று விளக்கினால் எல்லோருக்கும் புரியும்.

ஐந்து குழுக்களும் எண்ணியதில் நூற்றுக்கு நான்கு இலைகள் சேதம் என்று வருவதாக வைத்துக்கொள்ளலாம். கணக்கு வேண்டாம் என்கிறது. பயம் வேண்டும் என்கிறது. வழிநடத்துபவர் இங்கே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. "வேண்டாம்" என்று அவர் சொல்லி, பிறகு சேதம் கூடினால் பழி அவர்மேல் விழும். கூடாமல் போனாலும் கூட்டம் கற்றுக்கொண்டது 'அவரைக் கேட்க வேண்டும்' என்பதைத்தான். அவர் கேட்க வேண்டியவை வேறு. இன்று அடித்தால் புழுவோடு சேர்ந்து எவையெல்லாம் சாகும்? அவை செத்தபின் வரும் மாதம் புகையான் வந்தால் யார் தின்பார்கள்? அடிக்காமல் விட்டு நாம் கணித்தது தவறாக இருந்தால், எத்தனை நாளில் அது தெரியும்? மூன்றாம் நாள் யார் வந்து பார்ப்பது?

கடைசிக் கேள்விதான் பயத்தைத் தணிக்கிறது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேர் அடையாளம் வைத்த குத்துகளை எண்ணி மற்றவர்களுக்குச் சொல்வது என்று முடிவானால், 'ஒன்றும் செய்யாமல் இருக்கிறோம்' என்ற எண்ணம் போய்விடும். காத்திருப்பதும் ஒரு வேலையாகிவிடும்.

சேதம் எல்லையைத் தாண்டியிருந்தால் குழு மருந்தைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். மருந்தே கூடாது என்பது இப்பள்ளியின் பாடமல்ல. வழிநடத்துபவர் தம் கொள்கைக்காகப் பிடிவாதம் பிடித்து நிலத்துக்காரரின் பயிரைப் பணயம் வைக்கக் கூடாது. அதேசமயம் எதை அடிப்பது என்பதிலும் கவனம் தேவை. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் நெல்லில் புகையானைத் திரும்பப் பெருகச் செய்யும். புகையான் வழக்கமாக வரும் வயல்களில் நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுவது, தண்ணீரை வடித்து வடித்துக் கட்டுவது, தழைச்சத்தை அளவோடும் தவணை பிரித்தும் இடுவது ஆகியவை பற்றியும் அந்த நேரத்தில் பேச்செழும். அடுத்த பட்டத்துக்கு அவை உதவும்.

மருந்துக் கடைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்தான். சாகுபடிக்குக் கடன் கொடுத்தவராகவும் இருப்பார். கூட்டத்தில் அவரைத் தாக்கிப் பேசினால், கடன் உள்ளவர்கள் வாய் மூடிக்கொள்வார்கள். முடிந்தால் அவரையும் ஒருநாள் எண்ண அழைக்கலாம்.

இலையை வெட்டிப் பார்த்தல்

இலை போனால் நெல் போச்சு என்ற எண்ணம் ஆழமாக ஊறியது. அதைப் பேசிக் கரைக்க முடியாது. கத்தரிக்கோலால்தான் கரைக்க முடியும். நட்ட 20 அல்லது 25-ஆம் நாளில் ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு இலையிலும் கால் பங்கையும், மற்றொரு சதுர மீட்டரில் பாதியையும் வெட்டிவிட வேண்டும். மூன்றாவதைத் தொடாமல் விட வேண்டும். பிற்பாடு கதிர் வெளிவந்ததும் நான்காவது சதுர மீட்டரில் கண்ணாடி இலையை மட்டும் வெட்ட வேண்டும். நான்கையும் குச்சி நட்டுக் கயிறு கட்டி வைத்து, அறுவடையில் தனித்தனியே அடித்து எடை போட வேண்டும். இளம் பருவத்தில் இழந்த இலையைப் பயிர் பெருமளவு ஈடுகட்டிக்கொள்வதையும், கண்ணாடி இலை போனால் மணி சிறுப்பதையும் தராசு சொல்லும். சேத எல்லை பருவத்துக்குப் பருவம் ஏன் மாறுகிறது என்பதும் அப்போது விளங்கிவிடும்.

இச்சோதனையில் வெட்டுவது குழு உறுப்பினர்களின் கையாக இருக்க வேண்டும். பச்சைப் பயிரை வெட்ட மனம் வராமல் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வற்புறுத்தக் கூடாது, துணிந்தவர் வெட்டட்டும்.

கூட்டம் கலைந்த பிறகு

எல்லோரும் போனபின் ஒரு கால் மணி நேரம் மரத்தடியிலேயே இருந்து, அன்று யார் யார் பேசினார்கள், யார் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, எந்தக் கேள்வி பலன் தந்தது, எங்கே தாமே விடையைச் சொல்லிவிட்டோம் என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. இருவராகச் சேர்ந்து பள்ளி நடத்துபவர்களுக்கு இது இன்னும் சுலபம். ஒருவர் பேசும்போது மற்றவர் கவனித்துக் குறிக்கலாம். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். பெரும்பாலும் காரணம் கூலி வேலையாகவோ வீட்டில் உடல்நலக் குறைவாகவோ இருக்கும். சில சமயம் கூட்டத்தில் யாரோ சொன்ன ஒரு சொல்லாக இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மூன்று கூட்டங்கள் நின்றுபோவது இயல்பே. மழை விட்ட அன்று பத்துக் குத்துகளையாவது பார்த்துக் குறித்துக்கொண்டால் தொடர்பு அறாது.

அறுவடையில் இரண்டு பாதிகளையும் எல்லோர் முன்னிலையிலும் அளந்து, செலவைக் கழித்து, மிச்சத்தைத் தாளில் எழுத வேண்டும். சுற்று ஊர் விவசாயிகளை அழைத்து வயல் விழா நடத்தும்போது விளக்குவது உறுப்பினர்களாக இருக்க வேண்டும். வழிநடத்துபவர் தேநீர் ஏற்பாட்டைக் கவனித்துக்கொள்ளலாம்.

சம்பாவில் பள்ளி தொடங்க விரும்புவோர் நாற்று விடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகி, அட்மா திட்டத்தின் பண்ணைப் பள்ளிக்கு வாய்ப்புண்டா என்று கேட்டறியலாம். திட்டம் கிடைக்காவிட்டாலும் தேவைப்படுபவை அதிகமில்லை: ஐம்பது பெரிய தாள்கள், வண்ணப் பென்சில்கள், ஒரு பூச்சி வலை, வாய் அகன்ற குப்பிகள் இருபது, நான்கு கஜம் வலைத்துணி, கயிறு, ஒரு தராசு, ஒரு நோட்டு.